உள்ளத்தின் கணக்கேடு

கடையை அடைக்குமுன் அன்றைய வரவையும் செலவையும் ஏட்டில் பதிந்துவிட்டே வணிகன் வீடு திரும்புகின்றான். எழுதாத கணக்கு நினைவில் நில்லாது என்பதை அவன் அறிவான். நின்றாலும் தனக்குச் சாதகமாகவே நிற்கும் என்பதையும் அறிவான். பிறர் தரவேண்டிய கடன் எவருக்கும் மறப்பதில்லை. தாம் தரவேண்டியதோ மெல்ல மெல்ல மங்கிப் போகின்றது. ஏட்டின் முன் இந்தத் தந்திரம் செல்லாது.

பொருளுக்கு இத்துணைக் கணக்குப் பார்க்கும் மனிதன் தன் உள்ளத்துக்குக் கணக்குப் பார்க்கின்றானா? இல்லறத்தில் பிணக்கு, உடன்பிறந்தாரோடு பாகத் தகராறு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துயரம், நம்பியவர் இழைத்த வஞ்சனை ஆகியவை வந்து தாக்கும்போது இரவெல்லாம் உறக்கமின்றிப் புரளுகின்றோம். ஒரே எண்ணம் நூறு முறை வந்து போகின்றது. நூறாம் முறையும் அது முதல் முறை நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

இவ்வாறு சுழலும் எண்ணத்தைப் பிடித்து எழுத்தில் இறக்கி வைத்து, அதனை ஆராய்ந்து, வழி கண்ட பெரியோர் பலர் இஸ்லாமிய வரலாற்றில் உள்ளனர். நாட்குறிப்பு எழுதுவது மேனாட்டாரிடமிருந்து வந்த பழக்கம் என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. அன்னார் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

முஹாஸபா என்னும் பயிற்சி

ஒவ்வோர் ஆன்மாவும் நாளைக்கென எதனை முற்படுத்தி வைத்திருக்கின்றது என்று பார்த்துக்கொள்ளட்டும் என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 18ஆம் வசனம் வலியுறுத்துகின்றது. மறுமையில் கணக்குக் கேட்கப்படுமுன் உங்களை நீங்களே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உபதேசித்ததும் பலரும் அறிந்ததே. தன்னைத் தானே கணக்குக் கேட்கும் இப்பயிற்சிக்கு ‘முஹாஸபா’ என்று பெயர். கணக்கைக் குறிக்கும் ‘ஹிஸாப்’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

இப்பயிற்சியில் மூழ்கித் திளைத்ததால் அதையே தம் பெயராகப் பெற்றவர் பஸராவில் பிறந்து பகுதாதில் வாழ்ந்த ஹாரிஸ் அல்முஹாஸிபீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 243இல் (கி.பி. 857) மறைந்த அன்னார், உள்ளத்தில் எழும் பொறாமை, முகஸ்துதி, தற்பெருமை போன்றவற்றை ஒரு வைத்தியர் நோயைப் பிரித்தறிவதுபோலப் பிரித்து எழுதினார்கள். ஆயினும் அன்றைய நாளில் முஹாஸபா பெரும்பாலும் மனத்துக்குள் நடப்பதாகவே இருந்தது. அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து ஒரு முறையாக வகுத்துச் சொன்னவர்களுள் தலையாயவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

நா அடைபட்ட ஆசிரியர்

ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) பகுதாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியராக இமாம் கஸ்ஸாலி அமர்ந்தபோது வயது முப்பத்துநான்கைக் கடக்கவில்லை. பெரும் மாணவர் கூட்டமும் அமைச்சர்களின் மதிப்பும் நாடெங்கும் புகழும் அன்னாரைச் சூழ்ந்திருந்தன. அந்த உச்சியில் நின்றபோதே உள்ளத்தில் ஒரு கேள்வி முளைத்தது. நான் ஓதிக்கொடுப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா? தம் எண்ணத்தைத் தாமே சோதித்துப் பார்த்த இமாமவர்களுக்கு, புகழும் பதவியுமே தம்மை இயக்குகின்றன என்ற விடை கிடைத்தது.

விடை கிடைத்தும் விட்டுப்போக இயலவில்லை. ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு ரஜப் மாதம் (கி.பி. 1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் இந்தப் போராட்டம் நீடித்தது. ஒருநாள் புறப்பட முடிவு செய்வார். மறுநாள் அம்முடிவு கலைந்துவிடும். இறுதியில் நா அடைபட்டது. மாணவர்க்கு ஒரு சொல்லும் சொல்ல இயலாமற் போயிற்று. உணவு உள்ளே இறங்கவில்லை. மருத்துவர்கள் இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய நோய் என்று கூறிக் கைவிட்டனர். பிறகே அன்னார் குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்து, எஞ்சிய செல்வத்தைத் துறந்து, ஷாம் நாட்டை நோக்கி வெளியேறினார்கள்.

இவற்றையெல்லாம் நாம் அறிவது எங்ஙனம்? இமாமவர்களே ‘அல்முன்கிது மினள் ளலால்’ என்னும் சிறு நூலில் எழுதிவைத்ததால்தான். ஐம்பது வயதைக் கடந்த பின், துன்பம் நிகழ்ந்து பத்து ஆண்டுகளுக்கும் மேலான பின், அந்நூலை எழுதினார்கள். அதில் பகுதாதில் இருந்த போட்டியாளர் எவர் மீதும் பழி சுமத்தப்படவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பது எழுதியவரின் சொந்த உள்ளமே. இந்த நூலுக்கு ஒன்பது நூற்றாண்டுகளாகக் குன்றாத மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருபது வரிகள் கொண்ட பட்டியல்

‘இஹ்யா உலூமித்தீன்’ நாற்பது கிதாபுகளைக் கொண்டது. அதன் 39ஆம் பகுதி சிந்தனையைப் பற்றியது. மத்ரஸா மாணவர் பலர் விரைந்து கடந்துவிடும் ஓர் இடம் அங்கே இருக்கின்றது. ஆன்மிகப் பாதையில் செல்பவன் தன்னிடம் ஒரு ‘ஜரீதா’ வைத்துக்கொள்ள வேண்டும் என்று இமாமவர்கள் சொல்கின்றார்கள். ஜரீதா என்றால் பதிவேடு. இக்காலத்து அரபு மொழியில் செய்தித்தாளுக்கும் அச்சொல்லே வழங்குகின்றது.

அந்த ஏட்டில் மனிதனை அழிக்கும் பத்துக் குணங்களையும் ஈடேற்றும் பத்துக் குணங்களையும் எழுதச் சொல்கின்றார்கள். கஞ்சத்தனம், பெருமை, தற்புகழ்ச்சி, முகஸ்துதி, பொறாமை, கடுங்கோபம், உணவில் பேராசை, சிற்றின்பத்தில் பேராசை, பொருளாசை, பதவியாசை ஆகியவை முதற்பத்து. பாவத்துக்கு வருந்துதல், சோதனையில் பொறுமை, இறைவிதியைப் பொருந்துதல், நன்றியுணர்வு, அச்சத்தையும் ஆதரவையும் சமமாகக் கொள்ளுதல், பற்றற்ற தன்மை, தூய எண்ணம், மக்களிடம் நற்குணம், இறைநேசம், இறைவன் முன் பணிவு ஆகியவை இரண்டாம் பத்து. ஒவ்வொரு நாளும் இவற்றோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தீய குணங்களில் ஒன்று நீங்கிவிட்டதென்று கண்டால், ஏட்டில் அதன் மீது ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்ததைக் கவனிக்க வேண்டும்.

இங்கே கவனிக்கத் தக்கது அந்தக் கோடு. தீர்ந்த கணக்கை வணிகன் அடித்துவிடுவதைப் போன்றது அது. துயரத்தை நாள்தோறும் புதுப்பித்துக்கொள்வதற்காக இமாமவர்கள் ஏட்டைக் கையில் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தீர்த்துக் கடந்துபோகவே கொடுத்தார்கள்.

பகுதாதின் நாட்குறிப்பு

கஸ்ஸாலிக்கு ஒரு தலைமுறை முன்பு அதே பகுதாதில் வாழ்ந்தவர் ஹன்பலீ மத்ஹபைச் சேர்ந்த ஆலிம் அபூஅலீ இப்னுல் பன்னா (ரஹ்). ஹிஜ்ரி 471இல் (கி.பி. 1079) காலமானவர். அன்னார் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி, ஹிஜ்ரி 460, 461ஆம் ஆண்டுகளுக்கு உரியது, திமிஷ்கு நகரின் ளாஹிரிய்யா நூலகத்தில் பாதுகாக்கப்பட்டது. ஜார்ஜ் மக்தீஸி என்னும் அறிஞர் அதனை 1956, 1957ஆம் ஆண்டுகளில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். அரபு மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நாட்குறிப்புகளுள் இது ஒன்று.

அதனைப் படிப்போர் கண்முன் ஒரு நகரமே எழுந்து நிற்கும். யார் இறந்தார், யார் நோயுற்றார், எங்கே தீப்பிடித்தது என்றெல்லாம் அதில் பதிவாகியுள்ளது. தாம் கண்ட கனவுகளையும் பிறர் வந்து சொன்ன கனவுகளையும் அவற்றின் பொருளையும் அவர் எழுதிவைத்தார். தம் மத்ஹபின் இளம் அறிஞரான இப்னு அகீலை மையமாக வைத்து எழுந்த பிளவு அவரை வருத்தியது. அந்த வருத்தமும் சினமும் ஏட்டில் அப்படியே விழுந்திருக்கின்றன. இது வெளியிடுவதற்காக எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை. ஆனால் ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து அது உலகின் முன் விரிந்து கிடக்கின்றது.

இந்த இடத்தில் மார்க்கப் பற்றுள்ள எவருக்கும் இரண்டு ஐயங்கள் எழும். எழவும் வேண்டும்.

முதலாவது, தன் குற்றத்தை எழுதிவைப்பது கூடுமா? இரவில் ஒருவன் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் அவனே அதைப் பறைசாற்றுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்துள்ளார்கள். அல்லாஹ் இட்ட திரையை அடியான் தானே கிழிக்கலாகாது. இரண்டாவது, நமக்குத் தீங்கு செய்தவர்களைப் பற்றி நம் ஏட்டில் எழுதினால் அது புறம் ஆகாதா? இதற்கு இமாம் கஸ்ஸாலி அவர்களே இஹ்யாவில் விடை தந்துள்ளார்கள். புறம் பேசுவது நாவினால் மட்டும் நிகழ்வதன்று; பேனாவும் மனிதனின் இரு நாவுகளில் ஒன்று என்பது அன்னாரின் கருத்து.

அப்படியானால் வேதனையை எப்படித்தான் எழுதுவது? இதற்கு அறிஞர் இருவரின் எழுத்தில் விடை காணலாம்.

மைந்தரை இழந்த தந்தை

இப்னுல் பன்னாவின் நாட்குறிப்பில் சர்ச்சைக்குரியவராகத் தோன்றும் அதே இப்னு அகீல் (ரஹ்) பின்னாளில் பகுதாதின் பேரறிஞராக விளங்கினார். ‘கிதாபுல் ஃபுனூன்’ என்ற பெயரில் தம் எண்ணங்களையும் விவாதங்களையும் கேட்டவற்றையும் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தார். அது நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்டதென்று வரலாற்றாசிரியர் கூறுவர். பாரிஸ் நூலகத்தில் எஞ்சிய ஒரே ஒரு பாகம் பெய்ரூத்தில் 1970, 1971ஆம் ஆண்டுகளில் அச்சேறியது.

கல்வியில் சிறந்த இரண்டு மைந்தர்களை அவர் தம் வாழ்நாளிலேயே இழந்தார். ஹிஜ்ரி 488இல் ஒருவர், 510இல் மற்றவர். மூத்த வயதில் மைந்தர் அகீலை அடக்கம் செய்தபோது, அங்கிருந்த ஒருவர் யூஸுஃப் அத்தியாயத்தில் முதிய தந்தையைப் பற்றிய வசனத்தை உருக்கமாக ஓத, கூட்டத்தினர் கதறி அழுதனர். இப்னு அகீல் அவரைத் தடுத்தார். துயரத்தைக் கிளறிவிடுவதற்காகக் குர்ஆன் அருளப்படவில்லை. துயரத்தை ஆற்றவே அருளப்பட்டது என்பது அவர் சொன்னதன் சாரம்.

பிள்ளையைப் பறிகொடுத்த தந்தையின் வாயிலிருந்து வந்த இவ்விதி எழுதுகோலுக்கும் பொருந்தும். எழுதுவது துயரத்தைக் கிளறுகின்றதா, ஆற்றுகின்றதா? இந்த ஒரு கேள்வியே நல்ல குறிப்பேட்டையும் ஒப்பாரி ஏட்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

பெயர் சொல்லாத வேதனை

இரண்டாமவர் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்த அன்னாரின் நூல்களுள் ‘ஸைதுல் காத்திர்’ தனித்தன்மை வாய்ந்தது. எண்ணங்களை வேட்டையாடிப் பிடித்தல் என்பது அதன் பொருள். எண்ணங்கள் மின்னிவிட்டு ஓடிவிடுகின்றன. எழுதிக் கட்டிவைக்காமல் எத்தனையோ எண்ணங்களை இழந்து வருந்தினேன். ஆகவே இதனைத் தொடங்கினேன் என்று காரணம் கூறுகின்றார்கள். அதில் அத்தியாய ஒழுங்கு கிடையாது. மனத்தில் தோன்றிய வரிசையே நூலின் வரிசை. இளமையில் காய்ந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு ஹதீஸ் தேடிப்போன நாள்களை ஓரிடத்தில் நினைவு கூருகின்றார்கள். தண்ணீர் இல்லாமல் அதை விழுங்க முடியாததால், ஈஸா ஆற்றங்கரையில் அமர்ந்து ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு குடித்து உண்டார்களாம்.

மற்றோரிடத்தில், ஒரு காரியம் தம்மை நெருக்கி நீங்காத கவலையில் ஆழ்த்தியதையும், எல்லா வகையிலும் தந்திரம் தேடியும் வெளியேறும் வழி தெரியாமற் போனதையும் எழுதுகின்றார்கள். அந்த நிலையில் அத்தலாக் அத்தியாயத்தின் இரண்டாம் வசனம் மனத்தில் தோன்றிற்று. இறைவனை அஞ்சுவோர்க்கு அவன் வெளியேறும் வழியை ஆக்குவான் என்பது அதன் கருத்து. இத்தனை நேரம் தந்திரங்களைத் தேடினேனே தவிர என் இறையச்சத்தைச் சரிபார்க்கவில்லையே என்று உணர்ந்ததும் வழி திறந்ததாகக் குறிக்கின்றார்கள்.

இதைப் படிக்கும் எவரும் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் காரியம் எது என்று இமாமவர்கள் சொல்லவே இல்லை. யாரால் வந்தது என்றும் சொல்லவில்லை. வேதனை முழுவதும் இருக்கின்றது. அதிலிருந்து வெளியேறிய வழியும் தெளிவாக இருக்கின்றது. மறைக்கப்பட்டவை பாவத்தின் விவரமும் பிறர் பெயருமே. மேலே எழுந்த இரண்டு ஐயங்களுக்கும் இந்த ஒரு பக்கம் விடையாகிவிடுகின்றது. இந்தப் பயிற்சி வீண்போகவில்லை. ஹிஜ்ரி 590இல், எண்பதை நெருங்கிய வயதில், அன்னார் வாஸித் நகருக்கு நாடுகடத்தப்பட்டார்கள். தாமே சமைத்துத் தாமே துணி துவைத்து ஐந்து ஆண்டுகள் அங்கே காவலில் கழித்துவிட்டு, மீண்டு வந்து மறுபடியும் உபதேச மேடையில் அமர்ந்தார்கள்.

அரசரும் ஒரு மாதரசியும்

ஆலிம்கள் மட்டும் இவ்வழியில் சென்றனர் என்று கொள்ள வேண்டியதில்லை. பேரரசர் பாபர் துருக்கி மொழியில் எழுதிய தன்வரலாறு உலகப் புகழ் பெற்றது. 1527ஆம் ஆண்டு தொடக்கத்தில், கான்வா போருக்கு முன், அவர் மதுவை விட்டொழித்தார். பொற்கிண்ணங்களையும் வெள்ளிக் கிண்ணங்களையும் உடைத்து ஏழைகளுக்குப் பங்கிட்டார். ஆனால் உடைத்த மறுநாளே ஆசை அடங்கிவிட்டதாக அவர் எழுதவில்லை. 1529இல் தம் நண்பர் குவாஜா கலானுக்கு வரைந்த மடலில், இரண்டு ஆண்டுகள் கண்ணீர் வரும் அளவுக்கு அந்த ஏக்கம் தம்மை வாட்டியதையும், இவ்வாண்டு அல்லாஹ்வின் அருளால் அது நீங்கியதையும் ஒளிக்காமல் எழுதினார். அந்த மடலைத் தம் வரலாற்று ஏட்டிலும் சேர்த்துவைத்தார். அதே ஆண்டில் ஒரிரவு அவர் எழுத அமர்ந்திருந்த வேளை, பெரும் புயலில் கூடாரம் சரிந்து ஏடுகள் நனைந்தன. விடியும்வரை உறங்காமல் அவற்றை உலர்த்தினார்.

பெண்களும் பின்தங்கவில்லை. இன்று வட மாசிடோனியாவின் தலைநகராக உள்ள உஸ்கூப் நகரில், உதுமானியர் ஆட்சியில், ஆஸியா காத்தூன் என்றொரு மாதரசி வாழ்ந்தார். முதலில் ஒரு ஷைகிடம் வழிகாட்டுதல் பெற்றார். நாளடைவில் அவரிடத்தில் மனம் ஒன்றவில்லை. விட்டுவிடுவது துரோகமா, தொடர்ந்திருப்பது பொய்யா என்ற தவிப்பில் கிடந்த அப்பெண்மணி, தொலைவில் உஸிச்சே நகரில் இருந்த ஹல்வத்தீ ஷைகு முஸ்லிஹுத்தீன் அவர்களை நாடினார். 1641 முதல் 1643 வரை தம் கனவுகளையும் உள்ள நிலையையும் மடல் மடலாக அன்னாருக்கு எழுதினார். இஸ்தான்பூல் தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் கிடந்த அம்மடல்களை வரலாற்றறிஞர் ஜமால் கஃபாதார் கண்டெடுத்து 1990களில் வெளியிட்டார். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தகுதியுள்ள ஒரே ஒருவரிடம் எழுத்தால் சொல்லி வழிகேட்ட முறை இது. நம் இல்லத்துப் பெண்களில் எத்தனை பேர் சொல்ல ஆளின்றி மனத்துக்குள் வெந்துகொண்டிருக்கின்றனர் என்பதை எண்ணும்போது, இம்மடல்களின் அருமை விளங்கும்.

இக்கால ஆய்வு கூறுவது

உளவியல் அறிஞர்களும் இத்துறையில் ஆய்வு செய்துள்ளனர். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினர். சிலருக்குச் சாதாரணப் பொருள்; மற்றவர்க்குத் தம் வாழ்வின் பெருந்துயரம். துயரத்தை, அது நிகழ்ந்த விதத்தோடும் அதனால் எழுந்த உணர்வோடும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்தவுடன் முன்னைவிடக் கலங்கியே காணப்பட்டனர். ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவமனைக்குச் சென்றது குறைந்திருந்தது. பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பயன் உண்டு. ஆயினும் அது பெரிதன்று என்றனர். வெறும் புலம்பலாக எழுதுவதைவிட, ஏன் இப்படி நிகழ்ந்தது, இதிலிருந்து நான் அறிந்தது என்ன என்று காரணத்தை நோக்கி நகரும் எழுத்தே கூடுதலாக உதவுகின்றது என்பதும் அவர்களுள் பலர் கண்டது.

நம் இமாம்கள் வகுத்த முறைக்கும் இதற்கும் உள்ள நெருக்கம் வெளிப்படை. ஆய்வாளர் உடல்நலத்தை அளந்தனர். இமாம்கள் நாடியதோ மறுமையின் கணக்கு. அளவுகோல் வேறாயினும், உள்ளதை எதிர்கொண்டு எழுதவேண்டும், எழுதியதோடு நின்றுவிடலாகாது என்ற இரண்டிலும் அவர்கள் ஒன்றுபடுகின்றனர். கடும் மனநோய்க்கு ஏடு மட்டும் மருந்தாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இமாம் கஸ்ஸாலியின் வீட்டுக்கும் மருத்துவர்கள் வந்தனர் என்பதை மறக்கலாகாது.

நமக்குள்ள படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து திரட்டிக்கொள்ளத் தக்கவை சில. ஒருவன் தன் வேதனையை எழுதும்போது தன் பங்கைத் தேடி எழுதவேண்டும். அண்ணன் செய்த அநியாயத்தைப் பத்துப் பக்கம் எழுதுவதால் அண்ணன் திருந்தப் போவதில்லை. அந்த அநியாயம் தன்னுள் எழுப்பிய பகையை ஒரு வரியில் எழுதினால் அந்தப் பகையையேனும் அடையாளம் காணலாம். அநீதிக்கு உள்ளானவர் காழியிடமோ ஜமாஅத்திடமோ முறையிடும் உரிமையை இது பறிக்காது. முறையீடு வேறு, முஹாஸபா வேறு. முன்னதில் பெயரும் சாட்சியும் வேண்டும். பின்னதில் அவை வேண்டா.

அல்லாஹ் மறைத்ததை எழுத்திலும் மறைக்கவேண்டும். பாவத்தின் விவரம் தேவையில்லை. அதிலிருந்து திரும்பும் உறுதியே தேவை. ஏட்டை எவரும் காணாத இடத்தில் வைப்பதோடு, தம் மரணத்துக்குப் பின் பிள்ளைகள் கண்டாலும் எவரும் இழிவுபடாத வகையில் எழுதவேண்டும். இப்னுல் பன்னாவின் ஏடு எத்தனை நூற்றாண்டு கழித்துத் திறக்கப்பட்டது என்பது நமக்கு எச்சரிக்கை.

இறுதியாக, கோடு கிழிக்கும் நாள் ஒன்று வரவேண்டும். ஒரே மனக்குறையை ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே போவது, வட்டிக்கு வட்டி ஏற்றுவதைப் போன்றது. மன்னிக்க முடிந்ததை மன்னித்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எஞ்சியதை அல்லாஹ்விடம் ஒப்படைத்து, அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

இன்றிரவு இஷாவுக்குப் பின் கால்மணி நேரம் ஒதுக்க இயலாத வீடு நம்மில் எது? நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். முதற்பக்கத்தில் எழுதத் தொடங்குவோரின் இடப்பக்கத்து வானவரும் வலப்பக்கத்து வானவரும் ஏற்கனவே எழுதிக்கொண்டுதான் இருக்கின்றனர். நம் கையால் எழுதும் கணக்கும் அவர்கள் எழுதும் கணக்கும் ஒத்துப்போகும்படி வாழ அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்தருள்வானாக!